வாயிலுக்கு வெளியே எரிந்த டீசல்

பணி அனுபவம் எழுதுகிறவர்களுக்கு வழக்கமாகத் தலை நரைத்திருக்கும். எனக்கு இன்னும் நரைக்கவில்லை. ஆனாலும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், மசாஜ் நிலையத்துக்கு மேல்மாடியில் இருக்கும் நம் சிறிய அலுவலகத்தில், தொழிற்சாலைகள் விடும் புகைக்குக் கணக்குப் பார்க்கும் இந்த வேலையில், மேடத்துக்கு அடுத்தபடி நான்தான் பழைய ஆள். அடுத்த மாதம் நானும் கிளம்புகிறேன். போவதற்கு முன் புதுப் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதி வைத்துவிட்டுப் போ என்றார் மேடம். தன் பெயரை மட்டும் போடக் கூடாதாம். போடவில்லை. தினமும் பார்க்கிறீர்கள், அவர் யாரென்று உங்களுக்கே தெரியும்.

சூத்திரங்களைச் சொல்லித் தரும் எண்ணம் எனக்கு இல்லை. எவ்வளவு டீசலுக்கு எவ்வளவு கரியமில வாயு என்பதைக் கணினி பெருக்கிச் சொல்லிவிடும். அந்தப் புகை யாருடையது என்று அதனிடம் கேட்டுப் பாருங்கள், சொல்லாது. நம் பிழைப்பே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

ஒரு நிறுவனத்தின் கணக்கை எடுக்கும் முன் அதைச் சுற்றி ஒரு கோடு போடுகிறோம். கோட்டுக்கு உள்ளே எரிவது அவர்கள் கணக்கு. வெளியே எரிவது மற்றவர் கணக்கு, அல்லது ஆண்டறிக்கையின் கடைசிப் பக்கங்களில் சின்ன எழுத்தில் வரும் கணக்கு. சேர்ந்த முதல் வாரத்திலேயே கண்டிருப்பீர்கள்: வாடிக்கையாளர்கள் எண்களுக்காக நம்மோடு மல்லுக்கு நிற்பதில்லை. கோட்டுக்காகத்தான் நிற்பார்கள்.

நாட்டில் கார்பன் வரி வரப்போகிறது என்ற பேச்சு சூடாக இருந்த சமயம், தொழில்துறையினரின் கருத்தைக் கேட்கக் கோலாலம்பூர் ஹோட்டல் ஒன்றில் கூட்டம் போட்டார்கள். மேடம் என்னையும் அழைத்துப் போனார். எழுந்து பேசிய ஒருவர்கூட வரி வேண்டாம் என்று சொல்லவில்லை. பூமியைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எல்லாருக்கும் ஒரே மனது. சிமெண்டுக்காரர் முதலில் மின்சாரத்திலிருந்து தொடங்கலாம் என்றார். மின்சாரக்காரர் எஃகிலிருந்து என்றார். எஃகுக்காரர் சாலையில் ஓடும் வாகனங்களைக் காட்டினார். தேநீர் இடைவேளையில் மேடம் என் பக்கம் சாய்ந்து சொன்னார்:

"கல்யாண வீட்ல மொய் எழுதுற எடம் மாதிரியே இருக்கு. எல்லாரும் பின்னாடி நிக்கிறவர மொதல்ல எழுதச் சொல்றாங்க."

சிரித்தேன். மறுக்காமலேயே தள்ளிவிடும் இந்தக் கலையைக் கொஞ்ச நாளில் கிள்ளானை அடுத்த மேருவில் மிக அருகிலிருந்து பார்த்தேன்.

மேருவில் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலை. பெயர் வேண்டாம். பழைய காகிதத்தை வாங்கிக் கூழாக்கி, அட்டையாக்கி, பெட்டியாக்கிக் கிள்ளான் துறைமுகத்துக்கு அனுப்புகிறவர்கள். பெட்டி வாங்கும் வெளிநாட்டுக்காரர் ஒருவர் பெட்டியோடு புகைக் கணக்கையும் கேட்டதால் நம்மிடம் வந்தார்கள். அவர்கள் எழுதிய கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியது நாம். கணக்கு பார்க்க அழகாக இருந்தது. முந்தைய ஆண்டைவிட உமிழ்வு நன்றாக இறங்கியிருந்தது.

ஏன் இறங்கியது என்று பார்த்தால் கொதிகலனில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. அவர்களிடம் இருந்த லோரிகளைத்தான் காணோம். எல்லாவற்றையும் ஓட்டுநர்களுக்கே தவணையில் விற்றிருந்தார்கள். நேற்றுவரை சம்பளத்துக்கு ஓட்டியவர்கள் இன்றைக்கு லோரி முதலாளிகள், ஒப்பந்தக்காரர்கள். அதே லோரி, அதே ஆள், அதே துறைமுகச் சாலை. டீசல் மட்டும் கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டது.

அந்த ஓட்டுநர்களில் ஒருவன் என் அண்ணன் குமார்.

எங்கள் வீட்டில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். அண்ணன் இடைநிலைப் பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டு லோரியில் உதவியாளாக ஏறினான். நான் பல்கலைக்கழகம் போனேன். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் என்ன தொடர்பு என்று நான் விளக்கத் தேவையில்லை. உங்களில் பாதிப் பேர் வீட்டில் இதே கதைதான் இருக்கும். லோரி தன் பெயருக்கு மாறிய நாளில் அண்ணன் அதைக் கோயிலுக்கு ஓட்டிப் போய், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கிவிட்டு எனக்குப் போன் செய்தான். அவ்வளவு சந்தோஷமான குரலை அவனிடம் அதற்கு முன் நான் கேட்டதில்லை.

சந்தோஷம் அதிக நாள் நிற்கவில்லை. எல்லா ஒப்பந்தக்காரர்களுக்கும் நிறுவனத்திடமிருந்து அறிவிப்பு வந்தது. குறித்த கெடுவுக்குள் புகை குறைந்த புதிய ரக லோரிக்கு மாறாதவர்களின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. அண்ணனுக்குப் பழைய லோரியின் தவணையே முடியவில்லை. அது முடியாமல் புதியதுக்கு எந்த வங்கியும் கதவைத் திறக்காது. ஒப்பந்தம் போனால் லோரி போகும். லோரி போனால் அவன் மறுபடி யாரிடமாவது கூலிக்கு ஓட்டப் போக வேண்டும், அதுவும் இந்த வயதில் கிடைத்தால்.

இந்த நிலையில்தான் அந்தத் தொழிற்சாலையின் வேலை நம் அலுவலகத்துக்கு வந்தது. பெயரைப் பார்த்ததும் எழுந்துவிட்டேன். நேரே மேடத்தின் மேசைக்குப் போனேன்.

"மேடம், இந்த கம்பெனிக்கு எங்கண்ணன் லோரி ஓட்றாரு."

"டிரைவரா?"

"முன்ன டிரைவர். இப்ப கான்ட்ரேக்டர்."

மேடம் என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். செந்தூல் அடுக்குமாடியில் வளர்ந்தவர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"நான் கேக்காம நீயா வந்து சொன்ன, நல்லது. இதோட லோரி பக்கம் உனக்கு முடிஞ்சிச்சு. பாய்லர், கரண்டு, காகிதம் எல்லாம் நீ பாரு. லோரி, டீசல், கான்ட்ரேக்ட் என்னோடது. அதப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்த பேசக் கூடாது. நல்லதும் சொல்லாத, கெட்டதும் சொல்லாத."

"உண்மையா இருந்தாலுமா?"

"உண்மையா இருந்தா நானே கண்டுபிடிப்பேன்லா. அதுக்குத்தான சம்பளம் வாங்குறேன்."

அன்றே அந்த நிறுவனத்துக்கும் எழுதிவிட்டார். எங்கள் ஊழியர் ஒருவரின் அண்ணன் உங்கள் ஒப்பந்தக்காரர், போக்குவரத்துப் பகுதியை இவர் தொடமாட்டார், ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள் என்று. அவர்கள் தரப்பில் ஆட்சேபம் இல்லை. எனக்குத்தான் இருந்தது. அண்ணனிடம் போய் இதை எந்த வாயால் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் அவன் வீட்டுக்குப் போனேன். அண்ணி மீன் குழம்பு வைத்திருந்தார். நான் பேச்சை எடுக்கும் முன் அண்ணன் தொடங்கிவிட்டான்.

"கேள்விப்பட்டேன்டா. எங்க கம்பெனி கணக்க உங்க ஆபிஸ்தான் பாக்குதாமே. சாமி கண்ணத் தொறந்துட்டாரு. ஒரே ஒரு லைன் எழுது, போதும். லோரிக்காரங்களுக்கு இன்னும் டைம் குடுக்கணும்னு."

"என்னால முடியாதுண்ணே. லோரி பக்கம் நான் பாக்கல. எங்கண்ணன் அங்க இருக்காருன்னு நானே போயி சொல்லிட்டேன்."

"நீயேவா?"

"நானேதான்."

அண்ணன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். "டாக்டருக்குப் படிச்சிருந்தா சொந்த அண்ணனுக்கு ஊசி போட மாட்டேன்னு சொல்லுவியா?"

"அது வேற, இது வேறண்ணே. நான் எழுதினா, தம்பிக்காரன் எழுதினதுன்னு சொல்லித் தூக்கிப் போட்ருவாங்க."

"யாருக்குத் தெரியப் போவுது?"

"விடுங்க," என்றார் அண்ணி. "இவனுக்குப் பல் வலிக்கே டாக்டர்கிட்ட போவ பயம். இவன்கிட்ட போயி ஊசி கேக்குறீங்க."

நான் சிரித்துவிட்டேன். அண்ணன் சிரிக்கவில்லை. "வாய மூடிக்கிட்டு உக்காந்திருக்கவா உன்ன யூனிவர்சிட்டிக்கு அனுப்புனேன்?" என்றான். எழுந்து கை கழுவப் போனான். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

தம்பி தங்கைகளே, நம் தொழிலில் நெருக்கடி என்றால் ஏதோ கணினி நின்றுபோவது, அறிக்கைக்கு நாள் தவறுவது என்று நினைப்பீர்கள். அப்படியும் வரும். ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்தப் பாதித் தட்டுச் சோறுதான். சரியானதைச் செய்துவிட்டோம் என்று நிச்சயமாகத் தெரியும்போதே, செய்திருக்க வேண்டாமோ என்றும் மனம் அரித்துக்கொண்டிருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

மேடமும் நானும் மேருவுக்குப் போன காலை, தொழிற்சாலையை எட்டும் முன்பே கார் நின்றுவிட்டது. முன்னால் நீள வரிசையில் லோரிகள். எல்லா என்ஜினும் ஓடிக்கொண்டிருந்தது. வாயிலுக்கு உள்ளேயோ பெரிய பச்சைப் பலகை: இது பசுமை வளாகம், என்ஜினை அணைத்து வைக்கவும். உள்ளே ஒரு லோரியும் உறுமவில்லை. சொன்ன சொல் தவறாத பசுமை வளாகம்தான்.

முதலில் வருகிறவருக்கு முதல் சரக்கு என்பது அங்கே விதி. அதனால் ஓட்டுநர்கள் விடியும் முன்பே வந்து வரிசை பிடிப்பார்கள். ஒரு லோரி உள்ளே போனால் மற்றவை எல்லாம் ஒரு லோரி நீளம் நகரும். அணைத்துவிட்டு அசந்தால் பின்னால் இருப்பவர் முந்திக்கொள்வார். ஆகவே வெயில் ஏறும்வரை சாலையில் நின்றபடி டீசலை எரித்துக்கொண்டிருப்பார்கள். வரிசையில் அண்ணனின் நீல லோரியும் இருந்தது. என்னைப் பார்த்தான். கையசைத்தேன். ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

மேடம் இறங்கினார். நான் இறங்கவில்லை. லோரி பக்கம் எனக்கு வேலை இல்லையே. அவர் காவலாளியிடம் ஏதோ கேட்டார், வரிசையின் கடைசிவரை நடந்தார், சில ஓட்டுநர்களோடு பேசினார், திரும்பி வந்து காரில் ஏறினார். உடையெல்லாம் டீசல் வாடை.

"இங்க நின்னு எரியறது கொஞ்சம்தான்," என்றார் முன்கண்ணாடியைப் பார்த்தபடி. "துறைமுகத்துக்குப் போய் வர்றதோட பாத்தா ஒண்ணுமே இல்ல. ஆனா கோட்ட எந்த எடத்துல போட்டிருக்காங்கன்னு இதுலயே தெரியுது." பிறகு சட்டென்று, "நான் உன்கிட்ட பேசல," என்றார்.

"நான் கேக்கவே இல்ல மேடம்."

திரும்பி வரும் வழியில் கூட்டரசு நெடுஞ்சாலையில் வழக்கமான நெரிசல். மேடம் லோரியை விட்டுவிட்டு உலக அரசியலுக்குப் போனார். பணக்கார நாடுகள் தங்கள் தொழிற்சாலைகளை நம் பக்கம் அனுப்பிவிட்டன. பொருள் அங்கே போகிறது, புகை இங்கே தங்குகிறது. உலகக் காலநிலை மாநாட்டில் அவர்கள் எழுந்து, எங்கள் உமிழ்வு குறைந்துவிட்டது, உங்களுடையது ஏறிக்கொண்டே போகிறது, பொறுப்போடு நடந்துகொள்ளுங்கள் என்கிறார்கள்.

"அத டிவியில பாத்தா நமக்குக் கோவம் வருதுல்ல?" என்றார். "வரணும். ஆனா நம்ம ஊருக்குள்ளயே ஒரு பெரிய ஆளு சின்ன ஆளுக்கு அதையே செய்யறப்ப, அது பிசினஸ் மாடல்னு சொல்லிட்டுப் போயிடுறோம்."

நான் அண்ணனின் லோரி மேடு ஏறும்போது விடும் கறுப்புப் புகையை நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் பொய்யில்லையே. அந்தச் சாலையோரம் குடியிருப்பவர்கள் துணியை வெளியே காயப்போட முடியாது. அண்ணனே சொல்வான், "நான் புகை விடலன்னு சொல்லலடா, என்னால இப்ப மாத்த முடியலன்னுதான் சொல்றேன்" என்று. பொறுப்பு எல்லாருக்கும் உண்டு. ஆனால் யாரால் மாற்ற முடியுமோ அவர் தோளில் பாரம் கூடுதலாக இருக்க வேண்டும். இதை நான் எந்தப் பாடத்திலும் தனியாகப் படித்ததில்லை.

கையெழுத்துப் போடும் முன், லோரிகள் யார் கணக்கு என்று முடிவு செய்ய, நிறுவனமும் ஒப்பந்தக்காரர்களும் ஒரே அறையில் உட்கார வேண்டும் என்று மேடம் கேட்டார். உட்கார்ந்தார்கள். தொழிற்சாலையின் மேலாளர், வயதான சீனர், அதிகம் பேசாதவர். தலைமையகத்திலிருந்து வந்த ஓர் இளைஞர், நம் ஆள்தான், பெட்டாலிங் ஜெயாவில் வளர்ந்தவர். உமிழ்வு இறங்கிய செய்தியை வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டதால் பாவம், முள்மேல் உட்கார்ந்திருந்தார். எதிரே ஓட்டுநர்கள், சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு. அவர்களில் அண்ணன். மேடத்துக்குப் பக்கத்தில் நான், கொதிகலன் கணக்கோடு.

இளைஞர் ஓட்டுநர்களைப் பார்த்து இனிமையாகவே தொடங்கினார். "அண்ணே, நீங்க எல்லாம் இப்ப பிசினஸ்மேன்லா. லோரி உங்களோடது. அப்ப அதோட புகையும் உங்களோடதுதான. நாங்க சப்போர்ட் பண்றோம், பொறுப்ப நீங்கதான் எடுக்கணும்."

"பிசினஸ்மேனா?" என்றான் அண்ணன். "ரொம்ப சந்தோஷம் தம்பி. அப்ப நாளைக்கு நான் வேற கம்பெனி சரக்கு ஏத்தட்டா?"

ஓட்டுநர்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. இளைஞர் முகம் சிவந்தது. மேடம் சிரிக்கவில்லை. மேலாளரிடம் திரும்பி மலாயில் கேட்டார். அவர் கேட்டது இதுதான்: இந்த லோரிகள் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று முடிவு செய்வது யார்? எந்தச் சரக்கு, எந்த வழி என்று சொல்வது யார்? மற்றவர் சரக்கை ஏற்றக் கூடாது என்று தடுப்பது யார்? லோரியை மாற்று, இல்லாவிட்டால் போ என்று சொல்வது யார்?

மேலாளர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் இளைஞரின் கண் என் சட்டையில் தொங்கிய வருகையாளர் அட்டைமேல் விழுந்தது. நம் பெயர்களைத்தான் அப்பா பெயரோடு சேர்த்து எழுதுவார்களே. அவர் வருகைப் பட்டியலைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"ஒரு நிமிஷம். உங்க அப்பா பேரும் குமார் அண்ணனோட அப்பா பேரும் ஒண்ணா இருக்கே. சொந்தமா?"

அண்ணனின் கை மேசைமேல் அசையாமல் இருந்தது.

"எங்கண்ணன்," என்றேன்.

"அப்படியா?" இளைஞர் நாற்காலியில் நிமிர்ந்தார். "அப்ப இந்த ரிப்போர்ட்டே ஒரு பக்கமா எழுதினதுதான? இத எப்படி நாங்க ஏத்துக்க முடியும்?"

"கூடப் பொறந்த அண்ணன்," என்றார் மேடம், குரலை உயர்த்தாமல். "வேலைய எடுத்த அன்னைக்கே உங்க கம்பெனிக்கு எழுதிட்டோம். லோரி பக்கத்த இவன் தொடவே இல்ல. அதுல ஒரு எழுத்துகூட இவனோடது கிடையாது. தப்பு இருந்தா என்னைக் கேளுங்க."

இளைஞர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் தலையசைத்தார். ஆமாம், எனக்கு வந்தது, நான்தான் சரி என்றேன் என்றார். மேடத்தின் கேள்விகள் இன்னும் அவர் முன்னால் நின்றன. அவருக்கு ஓய்வு பெற அதிக காலம் இருக்கவில்லை. லோரிகளை விற்கும் யோசனை அவருடையது அல்ல, மேலிடத்தின் யோசனை. இது ஒப்பந்தக்காரர்களின் விவகாரம் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொண்டு அவர் மதிய உணவுக்குப் போயிருக்கலாம். அவரை யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அந்த அறையில் எல்லாருடைய விதியும், என் வேலையின் மானமும், அண்ணனின் லோரியும் அவர் வாயில் தொங்கின.

அவர் மேடத்தின் நான்கு கேள்விகளுக்கும் சேர்த்து ஒரே பதில் சொன்னார்.

"கித்தா லா."

நாங்கள்தான், அவ்வளவுதான். இளைஞர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேலாளர் அவரிடம், நாம்தான் கூப்பிடுகிறோம், நாம்தான் நிறுத்துகிறோம், நமக்காகத்தான் ஓடுகிறது, அப்புறம் யாருடையது என்று எழுதுவாய் என்று பொறுமையாகக் கேட்டார்.

அறிக்கையில் லோரிகள் கோட்டுக்கு உள்ளே வந்தன. அந்த ஆண்டு உமிழ்வு இறங்கவில்லை, கொஞ்சம் ஏறியது என்றே அச்சானது. வெளிநாட்டு வாடிக்கையாளர் நிறையக் கேள்வி கேட்டார், ஆனால் விட்டுப் போகவில்லை. லோரியின் புகை எங்களுடையது என்று எழுதிக் கொடுத்த பிறகு, அதைக் குறைக்கும் சுமை முழுதும் ஓட்டுநர் தலையில் என்று சொல்லத் தலைமையகத்துக்கும் வாய் வரவில்லை. கெடு தள்ளிப் போனது. புதிய லோரி வாங்க நிறுவனமே வங்கிக்கு உத்தரவாதம் தர ஒப்புக்கொண்டது, ஒரேயடியாக அல்ல, படிப்படியாக. இதை மேலிடத்தில் பேசிச் சம்மதிக்க வைத்தவர், நம்புவீர்களோ இல்லையோ, அதே இளைஞர். இப்போதும் தீபாவளிக்கு எனக்கு வாழ்த்து அனுப்புகிறார்.

எல்லாம் சுபமாக முடியவில்லை. முடிவு வரும்வரை தாக்குப்பிடிக்க முடியாமல் இரண்டு ஓட்டுநர்கள் லோரியைக் கைமாற்றிவிட்டுச் செலாயாங் மொத்தச் சந்தையில் கூலிக்குக் காய்கறி ஏற்றப் போய்விட்டார்கள். மேலாளரை வடக்கே வேறொரு தொழிற்சாலைக்கு மாற்றினார்கள். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று எனக்குத் தெரியாது. இருந்திருக்கலாம். அவருக்கு நன்றி சொல்ல ஒரு தடவை போன் செய்தேன். எதற்கு என்று கேட்டார். உண்மையிலேயே அவருக்கு ஞாபகமில்லையா, நடித்தாரா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

உங்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிய தத்துவம் ஏதும் இல்லை. கோட்டை எங்கே போடுவது என்று தடுமாறினால், அந்த என்ஜினை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். அங்கே நம் சொந்தக்காரர் யாராவது நின்றால், மற்றவர் கண்டுபிடிக்கும் முன் நீங்களே போய்ச் சொல்லுங்கள். நான் சொன்னபோது மேடம் என்னைச் சந்தேகப்படவில்லை, வீட்டுக்கும் அனுப்பவில்லை. செய்யக் கூடாததைச் சொல்லிவிட்டு, செய்ய வேண்டியதைக் கையில் கொடுத்தார். படித்த குடும்பத்தில் பிறக்காத ஒருவனுக்கு, இந்த மாதிரி இடத்தில் எப்படி நிற்பது என்று காட்டிக் கொடுக்க வீட்டில் ஆள் கிடையாது. அலுவலகத்தில் எனக்கு மேடம் கிடைத்தார். அந்த நன்றியோடுதான் போகிறேன். சிறு லோரி உரிமையாளர்கள் கூடித் தொடங்கியிருக்கும் சங்கம் ஒன்றுக்குக் கணக்குப் பார்க்கப் போகிறேன்.

அண்ணன் மட்டும் அந்தக் கூட்டத்துக்குப் பிறகும் வெகு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. "உங்க மேடம் கெட்டிக்காரங்கடா" என்பான். என்னைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டான். வீட்டுக்குப் போனால் முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டுத் தொலைக்காட்சியைப் பார்ப்பான்.

இதற்கிடையே தொழிற்சாலை வாசலில் வரிசையை ஒழித்துவிட்டார்கள். ஓட்டுநர்கள் வீட்டில் இருக்கலாம், முறை வரும்போது போனில் கூப்பிடுவார்கள், வந்து ஏற்றிக்கொண்டு போகலாம். அந்த முறையை ஓட்டுநர்களே போட்டுக்கொள்ளட்டும் என்றது நிர்வாகம். அவர்கள் கூடிப் பேசி முறை போட அண்ணனைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவனிடமிருந்து போன்.

"எங்கடா இருக்க?"

"ஆபிஸ்லண்ணே. கொஞ்சம் வேலை."

"ஒரு சந்தேகம். உங்க தொழில் சந்தேகம்."

அண்ணியின் தம்பி புதிதாக அந்தத் தொழிற்சாலைக்கு லோரி ஓட்ட வந்திருந்தான். முறை போடுவது அக்காள் புருஷன்தானே என்று, தன் லோரியைக் கொஞ்சம் முன்னால் கூப்பிடச் சொல்லியிருக்கிறான். அண்ணியும் தம்பிக்காகப் பேசியிருக்கிறார்.

"நீ என்ன சொன்ன?" என்றேன்.

"குரூப்ல எல்லாருக்கும் எழுதிட்டேன். இவன் என் மச்சான், இவன் முறைய நான் போட மாட்டேன், வேற ஆளு போடட்டும்னு. சரிதான?"

நான் நாற்காலியிலிருந்து எழுந்து ஜன்னலருகே போனேன்.

"டேய், இருக்கியா?"

"இருக்கேண்ணே. சரிதான். ரொம்ப சரி."

"நீ சரின்னு சொல்லிட்ட. உங்க அண்ணி இன்னிக்கு அடுப்பே பத்த வைக்கல."

சிரித்தேன்.

"சிரிக்காதடா. பசிக்குது. ரயில் ஏறி வா, வெளிய போயி சாப்புடுவோம். எனக்குத் தனியா சாப்புட்டா எறங்காது."

கணினியை அணைத்தேன். கிள்ளானுக்குப் போகும் அடுத்த ரயிலில் ஏறினேன்.